விரிசலில் ஐந்து ராண்டு

சாட்ஸ்வர்த்தில் எந்த வீடும்
இன்னொரு வீட்டின் தலைக்கு மேலேதான்
அல்லது காலுக்குக் கீழே.
என் தலைக்கு மேலே லோகன் பொன்னன்.
மேட்டை வெட்டினார், சுவர் எழுப்பினார், மண் நிரப்பினார்,
மூன்று கார் நிற்க இடம் செய்தார்.
இருப்பது ஒரு கார்.
அதுவும் ஓடாது.

போன குளிர்காலத்தில் அந்தச் சுவரின் விரிசல்
பத்து சென்ட் காசின் விளிம்பை வாங்கிக்கொண்டது.
செப்டம்பரில் இரண்டு ராண்டு.
முதல் பெருமழை விட்ட ஞாயிற்றுக்கிழமை
ஐந்து ராண்டை வைத்துப் பார்த்தேன்.
வழுக்கி உள்ளே போனது.
விழுந்த சத்தமே கேட்கவில்லை.

வேலியோரம் நின்று சொன்னேன்.
"பூச்சுதான் வெடிச்சிருக்கு," என்றார்.
பூச்சுக்கு வயிறு தள்ளுமா?
நிறைமாதமாய் முன்னுக்கு வந்து நிற்கிறது சுவர்.
தண்ணீர் வடிய ஒரு துளை இல்லை.
கட்டிய ஆள் கேப் டவுனுக்குக் குடிபோய்விட்டானாம்,
நம்பரையும் மாற்றிவிட்டானாம்.

மாநகராட்சியில் பதினோரு இலக்கத்தில் ஒரு புகார் எண் தந்தார்கள்.
எண் பத்திரமாக இருக்கிறது.
இன்ஷூரன்ஸ்காரர் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார்:
இறைவன் செயலுக்கு இழப்பீடு கிடையாது.
ஒரு மூட்டை சிமெண்டுக்குப் பத்து மூட்டை மணல் கலந்தது
எந்த இறைவன் என்று கேட்டேன்.
அதற்கு வேறு படிவம் என்றார்.

டயர் கடை மாடியில் வக்கீல் அப்பல்சாமி அம்மா.
கட்டியவர் பொறுப்பு.
ஆபத்தை அறிந்தும் சரிசெய்யாதவர் பொறுப்பு.
தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன்,
எனக்குச் சேர வேண்டியதை யாரோ எண்ணி வைப்பதுபோல்.

பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"விழுந்தா எது மேல விழும்?"

பின்கட்டு.
தகரக் கூரை, ஒற்றை அறை.
நொம்பூசோவும் அவள் ஐந்து வயது மகனும்.
வாடகை ஆயிரத்து எண்ணூறு, ரொக்கம்.

"அந்த ரூமுக்கு பிளான் பாஸ் ஆயிருக்கா?"

மின்விசிறியைப் பார்த்தேன்.
'அறிந்தும்' என்ற சொல்
எழுந்து மேசையைச் சுற்றி வந்து
என் மடியில் உட்கார்ந்தது.

கிளம்பும்போது படியில் நின்று சொன்னார்:
தேதியோடு படம் எடுங்கள்.
எதையும் எழுத்தில் அனுப்புங்கள்.
யாரிடமும் வருந்துகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்,
அது ஒப்புக்கொண்டதாகிவிடும்.

எடுத்தேன். நாற்பத்தேழு படம்.

வியாழன் இரவு மழை தகரத்தைப் பிடித்து உலுக்கியது.
குடையோடு போய்ப் பின்கட்டுக் கதவைத் தட்டினேன்.
இன்றைக்கு வீட்டுக்குள்ளே வந்து படுங்கள் என்றேன்.
கதவு உடனே திறந்தது.
பை கட்டித் தயாராக இருந்தது.
மூன்று மாதமாக உடுத்திய துணியோடுதான் தூங்குகிறார்களாம்.
"நீங்க படம் எடுக்க எடுக்க இவன் கேட்டான்,
அந்தச் சுவர் அவ்வளவு அழகா அம்மா என்று."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது ஒரு சொல்.
வக்கீல் சொன்னது நினைவில் இருந்தது.
பையை நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு மேட்டில் டார்ச் வெளிச்சம்.
பொன்னன், லுங்கி நனைய,
தோளில் இரண்டு யூகலிப்டஸ் கம்பம்.
என் பக்கம் இறங்கி வந்து முட்டுக் கொடுத்தார்.
நான் அடியில் செங்கல் செருகினேன்.
அவர் வாயைத் திறந்தார், மூடினார்.
அவருக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார் போலும்.
இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், என்றார்.
பிடியுங்கள், என்றேன்.
இவை வழக்குக்கு உதவாத சொற்கள்.
இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான்கு மணிவரை நின்றோம்.

விடியும்போது சுவர் நின்றுகொண்டிருந்தது.
இன்னும் ஒரு விரல் முன்னே.

சோபாவில் பையன் தூங்குகிறான், சப்பாத்தோடு.
கழற்றிவிடலாமென்று குனிந்தேன்.
கயிற்றில் இரட்டை முடிச்சு.